நிலத்துக்கு மதிப்பளிக்கிறோம், தண்ணீரைப் பற்றி எப்போது பேசப்போகிறோம்?

கனடாவிலுள்ள தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள் எல்லாவற்றினதும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் விழாக்களுக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒழுங்கு மனப்பாடம். மங்கள விளக்கேற்றுவோம். கனடிய கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் பாடுவோம். அகவணக்கம் செலுத்துவோம். பிறகு பத்தாம் வகுப்போ பதினோராம் வகுப்போ படிக்கிற ஒரு பிள்ளை மேடைக்கு வந்து, இது மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனோசோனி, வென்டாற் ஆகிய பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலம் என்று கைபேசியைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசிக்கும். அந்தப் பெயர்களைச் சொல்ல பிள்ளை படும் பாட்டிலேயே தெரிந்துவிடும், பெரியவர்கள் ஒருவரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று. வாசித்து முடிந்ததும் வரவேற்பு நடனம் தொடங்கும்.

அந்த வாசிப்பை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மக்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் குடிக்கமுடியாமல் இருக்கிறார்கள். அதைப்பற்றி நம் மேடைகளில் ஒரு சொல்லும் வருவதில்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கவந்தேன்.

ஒன்ராறியோவின் வடக்கே, அற்றவாபிஸ்கற் ஏரிக்கரையில் நெஸ்கன்டாகா என்றொரு பூர்வகுடி ஊர் இருக்கிறது. தண்டர்பேயிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீற்றர். வருடம் முழுவதும் போய்வரக்கூடிய வீதி கிடையாது. விமானத்தில் போகவேண்டும், அல்லது குளிர்காலத்தில் பனி இறுகியபிறகு போடும் பாதையில் போகவேண்டும். 1995 பெப்ரவரியில் அந்த ஊர்ச் சனத்துக்கு, குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். 1995 என்றால் நம்மில் பலருக்கு, போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய வலிகாம இடப்பெயர்வுதான் ஞாபகத்துக்கு வரும். நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டு நடந்த அந்த ஒக்டோபர் இரவுக்கு எட்டு மாதம் முந்திய அறிவித்தல் அது. நாம் வன்னிக்குப் போய், கொழும்புக்குப் போய், இங்கே வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பிவிட்டோம். நெஸ்கன்டாகாவின் அறிவித்தல் முப்பது வருடம் தாண்டியும் நீங்கவில்லை. அங்கே பிறந்து, வளர்ந்து, தாங்களும் பெற்றோராகிவிட்ட மனிதர்கள், சொந்த ஊரின் குழாய்த் தண்ணீரை ஒருநாளும் நம்பிக் குடித்ததில்லை.

கொதிக்கவைப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேநீருக்குக் கொதிக்கவைப்பது யாருக்கும் கஷ்டமில்லை. குழந்தைக்குப் பால்மா கரைக்கவும், பல் விளக்கவும், பழம் கழுவவும், இரவில் மாத்திரை விழுங்கவும் எல்லாவற்றுக்கும் முதலில் அடுப்பு மூட்டவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கி ஒரு நிமிடமாவது போகவேண்டும். பிறகு ஆறவேண்டும், மூடி வைக்கவேண்டும். இல்லையென்றால் சுத்திகரிப்பு நிலையத்திலுள்ள வடிகட்டும் இயந்திரத்துக்குப் போய்க் கலனில் நிரப்பித் தூக்கிவரவேண்டும். குளிர்காலத்திலும் அதேதான். இத்தனைக்கும் ஊரைச் சுற்றி ஏரி.

2020 ஒக்டோபரில் அந்த ஊரின் நீர்த்தாங்கியில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. தண்ணீரை அடியோடு நிறுத்தினார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், ஊர்ச்சனத்தில் பெரும்பகுதியை விமானத்தில் ஏற்றித் தண்டர்பேயில் ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வர டிசம்பர் ஆயிற்று. எண்ணெய்ப் படலம் என்றதும் உங்களுக்குச் சுன்னாகம் ஞாபகம் வராமல் இருக்காது. 2014, 2015 இல் யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மணத்தபோது இங்கே நாம் எப்படித் துடித்தோம்! கூட்டம் கூடினோம், அறிக்கை விட்டோம், காசு சேர்த்தோம், ஊருக்குத் தொலைபேசி எடுத்து எந்தக் கிணறு, யாருடைய கிணறு என்று விசாரித்தோம். வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் பிறந்தவர்களுக்கு நிலத்தடி நீர் கெட்டுப்போவது என்றால் என்னவென்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பதைப்பு நெஸ்கன்டாகாவுக்கு ஏன் வரவில்லை? சுன்னாகம் நம் ஊர், இது வேறு யாருடையதோ என்பது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. நமக்குத் தெரியாது, தெரியப்படுத்தவும் ஆளில்லை என்பதுதான் பெரிய காரணம். தெரியப்படுத்தும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்த மக்களுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்பதையும் சேர்த்துத்தான் தெரியப்படுத்தவேண்டும். வெறும் குழாய்ப் பிரச்சினையாகச் சொன்னால் பாதி விளங்காது.

அனிஷினாபே மக்களிடம் தண்ணீருக்காகப் பேசும் கடமை பெண்களுடையது. கருவைத் தண்ணீருக்குள் சுமப்பவர்கள் அவர்கள் என்பதால். மனிற்றூலின் தீவிலுள்ள விக்வெமிகோங்கைச் சேர்ந்த ஜோசஃபின் மன்டமின் என்ற மூதாட்டி, 2003 இல் ஒரு செப்பு வாளியில் தண்ணீரை ஏந்திக்கொண்டு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். தண்ணீர் தங்கத்தின் விலைக்கு வரும் காலம் வருகிறது, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்ட கேள்விதான் அவரை நடக்கவைத்தது. அடுத்தடுத்த வருடங்களில் பேரேரிகள் ஐந்தையும் சுற்றிவந்துவிட்டார். 2019 இல் காலமாகும்வரை அந்தக் கேள்வியை விடவில்லை.

அந்த நடையின் முறை இது. வாளியைச் சுமப்பது பெண்கள். பக்கத்தில் ஒருவர் கழுகு இறகு கட்டிய கோலோடு வருவார். நாளின் நடை தொடங்கிவிட்டால் தண்ணீர் நிற்கக்கூடாது, ஆறு நிற்பதில்லை என்பதால். ஒருவருக்குக் கை ஓய்ந்தால் மற்றவர் ஓடிவந்து, நடந்தபடியே வாளியை வாங்குவார். பார வண்டிகள் இரைந்து போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், மழையில், ஒரு சொட்டும் சிந்தாமல் பார்த்து அதை நடத்துகிறார்கள். செம்பில் நீர் நிறைத்து, மாவிலை வைத்து, அதன் முன்னால் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான காரியமா?

ஜோசஃபினின் பேத்தி முறையான ஓட்டம் பெல்ட்டியே (Autumn Peltier) என்ற சிறுமி, 2016 டிசம்பரில், பன்னிரண்டு வயதில், பிரதமர் ட்ரூடோவின் முன்னால் நின்று, நீங்கள் எடுத்த முடிவுகளில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்லி அழுதாள். எண்ணெய்க் குழாய்த் திட்டங்களுக்கு அவர் அனுமதி கொடுத்து அதிக நாளாகவில்லை. 2019 இல் அனிஷினாபெக் தேசத்தின் தலைமை நீர் ஆணையாளராக அவளை நியமித்தார்கள். மேடையில் நிலத்துக்கு மதிப்பளிக்கும் உரையை வாசிக்கும் நம் பிள்ளைகளின் வயதுதான் அப்போது அவளுக்கு. அவளைப்பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அப்புறம் மனோமின். தண்ணீரில் விளையும் தானியம், இங்கே கடைகளில் காட்டரிசி என்று விற்கிறார்கள். ஆழமில்லாத ஏரிகளில், சேற்றில் வேர்விட்டு, நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டும். கோடை கழியும் நேரத்தில் இரண்டு பேர் ஓடத்தில் போவார்கள். ஒருவர் நீண்ட கழியால் ஓடத்தைத் தள்ளுவார். மற்றவர் ஒரு கோலால் கதிரை ஓடத்துக்குள் வளைத்து, இன்னொரு கோலால் மெல்லத் தட்டுவார். பழுத்த மணி மட்டும்தான் விழும். கொஞ்சம் ஏரியிலும் விழும், அது அடுத்த வருட விதை. பிறகு காயவைத்து, வறுத்து, மென்தோல் காலணியோடு மிதித்து உமி நீக்கி, சுளகு போன்ற தட்டில் புடைப்பார்கள். நீர்மட்டம் ஒரு முழம் கூடினாலே பயிர் மூழ்கிவிடும். ரொறன்ரோவிலிருந்து தூண்டிலோடு நம் ஆட்கள் போகிற ரைஸ் ஏரிக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பயிரால்தான். ட்ரென்ட் ஆற்றுக் கால்வாய்க்கு அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதில் அங்கிருந்த மனோமின் பரப்புகள் பெரும்பாலும் அழிந்தன. அதற்கு வடக்கே பிஜன் ஏரியில் பூர்வகுடிகள் மறுபடி விதைத்து வளர்த்தபோது, 2015 அளவில், கோடைவீட்டுக்காரர் சிலர் படகு ஓட்டவும் நீந்தவும் இடைஞ்சல் என்று எதிர்த்தார்கள். இயந்திரம் கொண்டு பயிரை வெட்ட அனுமதியும் கிடைத்தது. நெல்லைத் தெய்வமாகக் கும்பிடுகிற நாம், மனிதரின் சோற்றுப் பயிரை படகுச் சவாரிக்காக வெட்டிய கதையை அறிந்திருக்கவேண்டும்.

மீனும் இப்படித்தான். ஒன்ராறியோவின் டிரைடன் நகரத்துக் காகித ஆலையிலிருந்து 1962 முதல் 1970 வரை சுமார் பத்து மெற்றிக் தொன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் விடப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கிராஸி நரோஸ் என்ற பூர்வகுடி ஊரின் மக்களுக்கு மீன்தான் உணவு, மீன்பிடி வழிகாட்டிகளாக வேலை செய்வதுதான் வருமானம். இரண்டும் போயின. நடுக்கமும் பார்வைக் குறைவும் தலைமுறை தாண்டி வந்தன. பாதரசத்தால் வரும் மினமட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர்கள் 1975 இலேயே வந்து பார்த்துச் சொன்னார்கள். பாதரசத்தைக் கொதிக்கவைத்துப் போக்கமுடியாது.

எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் அறுப்பது ஷோல் ஏரி 40 என்ற பூர்வகுடி ஊரின் கதை. மனிற்றோபா எல்லையில் இருக்கிறது. வினிபெக் நகரம் வளர்ந்து நல்ல தண்ணீர் தேடியபோது, அந்த ஏரியைக் கண்டார்கள். 1919 இல் கால்வாய்க் குழாய் கட்டி முடித்தார்கள். ஏறத்தாழ 156 கிலோமீற்றர். ஏரி மேட்டில் இருப்பதால் தண்ணீர் தானாகவே நகரத்துக்கு ஓடுகிறது. இதற்காக ஊரின் நிலம் எடுக்கப்பட்டது. சதுப்பு நீர் நகரத்தின் குழாயில் கலந்துவிடாமல் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதில் ஊர் தரையிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவாகிவிட்டது. கோடையில் படகு, பனிக்காலத்தில் உறைந்த ஏரிமேல் நடை. பனி இறுகும், இளகும் காலங்களில் ஏரியில் விழுந்து செத்தவர்களும் உண்டு.

அந்த ஏரிநீர் வினிபெக்கின் ஒவ்வொரு வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்க, ஏரிக்கரையிலேயே இருந்த ஊரில் 1997 முதல் கொதிக்கவைத்துக் குடிக்கும் அறிவித்தல். சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தாருங்கள் என்றால், வீதி இல்லாமல் செலவு கட்டாது என்றார்கள். வீதியைத் துண்டித்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர்மக்கள் விடாமல் போராடினார்கள். 'விடுதலை வீதி' என்று அவர்கள் பெயர் வைத்த பாதை 2019 இல் திறந்தது. வீதி வந்து இரண்டு வருடத்தில், 2021 செப்டெம்பரில், சுத்திகரிப்பு நிலையமும் வந்துவிட்டது. இருபத்துநான்கு வருடம் முடியாது என்று சொன்ன காரியம் இரண்டு வருடத்தில் முடிந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 2000 மே மாதம் ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் நகரக் குழாய்நீரில் ஈ-கோலை கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்து 2002 இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. விக்ரோறியா பார்க் தெரு முடியும் இடத்தில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் நிற்கிற ஹரிஸ் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் வரை நாம் கவலையில்லாமல் குடிக்கிறோம் என்றால் அந்தச் சட்டத்தின் காவலும் ஒரு காரணம். ஆனால் அது பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தின் எல்லையில் நின்றுவிடுகிறது. அங்கே பொறுப்பு மத்திய அரசுடையது. அந்த அரசிடம் ஈடான சட்டம் இல்லை. 2013 இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தைப் பூர்வகுடிகளே ஏற்கவில்லை, பொறுப்பைச் சுமத்தி வளத்தைக் கொடுக்காத சட்டம் என்பதால். 2022 இல் அதை நீக்கினார்கள்.

நியாயமாகப் பேசவேண்டும். 2015 இல் ட்ரூடோ பதவிக்கு வந்தபோது நீண்டகால அறிவித்தல்கள் 105 இருந்தன. அதற்குப் பிறகு 140 க்கு மேற்பட்டவை நீக்கப்பட்டிருக்கின்றன. அது சின்ன வேலையல்ல. ஆனால் 2021 மார்ச்சுக்குள் எல்லாம் முடியும் என்ற வாக்குறுதி நிறைவேறவில்லை. பழையது போகப் புதியது வந்துகொண்டிருக்கிறது. நிலையம் கட்டிக் கொடுத்தால் போதாது, அதை நடத்தவேண்டும். நடத்துவதற்கான பணத்தைக் கணக்கிடும் முறை முப்பது வருடமாக மாற்றப்படவில்லை, நிலையத்தை இயக்குபவர்களின் சம்பளம் மற்ற இடங்களைவிட 30 வீதம் குறைவு என்று 2021 இல் கணக்காய்வாளர் நாயகம் சொன்னார். அதே வருடம் கேர்வ் ஏரி, நெஸ்கன்டாகா, ரற்றஸ்க்வேயாக் ஆகிய மூன்று ஊர்கள் தொடுத்த வழக்கில் எட்டு பில்லியன் டொலருக்கு அரசு உடன்பட்டது. கேர்வ் ஏரி எங்கே இருக்கிறது தெரியுமா? பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில், ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணிநேர ஓட்டத்துக்குள். இது வடதுருவத்துப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படி உடன்பட்ட அரசின் சட்டத்தரணிகள்தான் 2024 இல் மனிற்றோபாவின் ஷமற்றாவா பூர்வகுடி மக்களின் வழக்கில், இந்தத் தண்ணீர் அமைப்புகளை நடத்திப் பராமரிக்கும் சட்டக்கடமை கனடாவுக்கு இல்லை என்று வாதாடினார்கள்.

கடமை இல்லை என்று வாதாட இடமில்லாதபடி ஒரு சட்டம் வேண்டும். 2023 டிசம்பரில் கொண்டுவந்த சி-61 மசோதா அதற்கான முயற்சி. ஊருக்குள் வரும் முன்பே, ஊற்றிலும் ஆற்றிலும் தண்ணீரைக் காக்கும் வலயங்களுக்கும் அதில் இடமிருந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வை முடித்துவைத்தபோது அது காலாவதியாகிவிட்டது. மீண்டும் கொண்டுவருவோம் என்று அடுத்த அரசு சொன்னது. அந்தக் கோடையிலேயே ஒன்ராறியோ, அல்பேர்ட்டா மாகாணங்களின் சுற்றாடல் அமைச்சர்கள் அதைக் கைவிடும்படி கடிதம் எழுதினார்கள்.

உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், மத்திய நாடாளுமன்றத்திலும் ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத்திலும் தமிழர் இருக்கிறார்கள். நம் வாக்குகளைக் குறிவைத்து எல்லாக் கட்சிக்காரரும் வருகிறார்கள். பொங்கல் விருந்துக்கு வேட்டி கட்டி வருவதும், தமிழ் மரபுத் திங்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புவதும், தெருவிழாவில் கைகுலுக்குவதும் நீங்கள் அழைப்பதால்தான். 2023 முதல் 2025 வரை முடிக்குரிய அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான உறவுக்கான அமைச்சராகவே கரி ஆனந்தசங்கரி இருந்தார். தண்ணீர்த் திட்டங்கள் வேறு அமைச்சின் கீழ் வருபவை என்பது உண்மைதான். ஆனாலும் நம்மவர் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் நாம் பெருமைப்பட்டோம், பொன்னாடை போர்த்தினோம். பூர்வகுடிகளின் தண்ணீரைப் பற்றி எத்தனை சங்கங்கள் அவரிடம் கேட்டன?

ஒரு விடயத்தில் நான் உங்களில் சிலரோடு முரண்படுவேன். 'நாங்களும் பூர்வகுடிகள்தான், எங்களுக்கும் நிலம் பறிபோனது, ஆகவே அவர்களும் நாங்களும் ஒன்று' என்று மேடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே பறிபோனது உண்மை. இங்கே நாம் குடியேறியவர்கள். அந்த மக்களை ஒதுக்கிப் பெற்ற நிலத்திலும் நீரிலும் நமக்குப் பங்கு கிடைத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு நின்று, யாராவது அள்ளி ஊற்றட்டும் என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகளும் இன்று இதே நகரத்தில் இருக்கிறார்கள். தண்ணீரை மறுப்பது என்றால் என்னவென்று மறுத்த பக்கத்திலிருந்தும் மறுக்கப்பட்ட பக்கத்திலிருந்தும் நமக்குத் தெரியும். சொந்த அனுபவத்தைச் சொல்வதானால் முழுவதையும் சொல்லவேண்டும்.

தயவுசெய்து போத்தல் தண்ணீர் சேர்க்கும் இயக்கம் தொடங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் அது உதவும். ஆனால் நெஸ்கன்டாகாவுக்கு முப்பது வருடமாகப் போத்தல் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நன்கொடைக்குக் காத்திருப்பவர்களாக அவர்களை நாம் பார்க்கத் தொடங்கினால், அரசு கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் இருக்க அதுவும் ஒரு வசதியாகிவிடும்.

நிலத்துக்கு மதிப்பளிக்கும் உரையை வாசிக்கும் பிள்ளைக்கு முதலில் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். தமிழிலும் வாசிக்கச் செய்யுங்கள், முன்வரிசையில் இருக்கிற அம்மம்மாவுக்கும் விளங்கட்டும். அதோடு, இன்றைய தேதியில் எத்தனை ஊர்களில் அறிவித்தல் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அரசு அந்த எண்ணிக்கையைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது, தேடுவது கஷ்டமில்லை. வருடத்தில் ஒருமுறையாவது நீர் காக்கும் பெண்களில் ஒருவரை அழைத்து, அவருக்கு வேண்டிய நேரம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. போக்குவரத்துச் செலவும் சன்மானமும் கொடுக்கவேண்டும். அவர்களுடைய நீர்ச் சடங்கை இரண்டு நடனத்துக்கு இடையில் ஐந்து நிமிட நிகழ்ச்சியாகச் செருகாதீர்கள், படம் எடுக்கலாமா என்று கேட்காமல் கைபேசியைத் தூக்காதீர்கள். தமிழ்ப் பள்ளிகளில் நீர் பற்றிய பாடம் வரும்போது காவிரியோடும் மகாவலியோடும் நின்றுவிடாமல் ஷோல் ஏரியையும் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிள்ளைகள் வளர்வது இந்த ஏரிகளின் கரையில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அடுத்த விழாவுக்கு அரசியல்வாதிகளை அழைக்கும் கடிதத்தோடு மூன்று கேள்விகளையும் அனுப்புங்கள், மேடையில் பதில் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. பூர்வகுடிகளின் குடிநீருக்கான சட்டத்தில், ஊற்றுநீரைக் காக்கும் பகுதி உட்பட, நீங்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள், அல்லது வாக்களித்தீர்கள்? நிலையங்களை நடத்தும் முழுச்செலவையும் ஒவ்வொரு வருடமும் கொடுப்பதை ஆதரிக்கிறீர்களா? நெஸ்கன்டாகாவின் அறிவித்தலை நீக்குவதற்கு உங்கள் கட்சி சொல்லும் திகதி என்ன? மாகாண உறுப்பினர் வந்தால், அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதப்பட்ட கடிதத்தோடு உடன்படுகிறாரா என்றும் கேளுங்கள். பதில்களை எழுதிவைத்து, உங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். தேர்தல் வரும்போது மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து,
ஊர் ஒன்றியமொன்றின் முன்னாள் செயலாளர்